விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

இப்படி ஒரு லீவு கிடைத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம். மேடிசன் ஆற்றங்கரையில் மரத்தாலான ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தால் ஆறு. வழிகாட்டி கிடையாது. லைசென்ஸ், தூண்டில், நீங்கள். அவ்வளவுதான்!

இதற்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர். முள்ளில் புழு இருக்காது. இறகையும் ரோமத்தையும் நூலால் கட்டிச் செய்த பொய்ப் பூச்சி இருக்கும். நிஜமென்று நம்பி ட்ரௌட் மீன் கவ்வும். சில நிமிடம் போராடும். கரைக்கு இழுத்து, முள்ளைக் கழற்றி, பெரும்பாலும் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள்.

'அட, எவ்வளவு நல்ல மனசு!' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் ஒரு உறுத்தல். நம்மூர் ஆற்றில் தூண்டில் போடுகிறவர் ராத்திரி குழம்புக்காகப் போடுகிறார். மீன் துடித்தது, ஒரு வீட்டில் பசி தீர்ந்தது. அங்கே மீன் துடித்தது, ஒருவருக்குப் பொழுது போனது. இதில் எது பாவம் ஜாஸ்தி?

சுவிட்சர்லாந்தில் 2008-ல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைத் தடை செய்தன. தின்பதற்கென்றால் பிடி, இல்லாவிட்டால் அதன் பாட்டுக்கு இருக்க விடு.

மொன்டானாக்காரர்களிடமும் நியாயம் இருக்கிறது. பண்ணை மீன்களைக் கொண்டுவந்து கொட்டினால் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் குறைகின்றன என்று டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர் மேடிசனில் கண்டார். 1974-ல் மாநிலம் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே நிறுத்தியது. இனி ஆறு தானாகப் பெற்றால்தான் உண்டு. வருகிறவரெல்லாம் சட்டிக்கு எடுத்துப் போனால் என்ன மிஞ்சும்?

இன்னொரு விதியும் உண்டு. கோடையில் தண்ணீர்ச் சூடு மூன்று நாள் தொடர்ந்து 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிப்பார்கள். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் செத்துப்போகலாம். அது எங்கேயோ கீழே போய்ச் சாகும். நாமோ, 'விட்டுட்டோமே' என்று நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்போம்.

நாமும் இதைத்தானே செய்கிறோம்? நாலு பேர் நடுவில் ஒருவரைக் குத்திப் பேசிவிட்டு, 'சும்மா தமாஷுக்குச் சொன்னேன், விட்டுடுப்பா' என்கிறோம். நம் கணக்கில் அது முடிந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போய் ராத்திரி தூங்கினாரா என்று யார் பார்த்தார்கள்?

சரி, அந்த வீட்டுக்கே வருவோம். தடை அமலில் இருக்கிறது. மணி 2.15. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. எதிரே ஒரு பெரிய ட்ரௌட் துள்ளுகிறது. தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போகிறவரை, பிடித்த மீனைத் தடவிக்கொடுத்து விடுகிறவரைவிட நான் அதிகம் நம்புவேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.