குருந்து: தலமரமும் வீட்டு மரமும்

குருந்து எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்செடி. தாவரவியலார் அட்டலான்ஷியா மோனோபில்லா என்று அழைக்கும் இச்செடி, சோழமண்டலக் கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடுகளிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் தானாக வளர்கிறது. காட்டெலுமிச்சை, காட்டு நாரத்தை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. பெரும்பாலும் புதராக நிற்கும். வெட்டுப்படாமல் விட்டால் சிறுமரமாகும். தடித்த கரும்பச்சை இலையைக் கசக்கினால் நாரத்தை வாசம் எழும். பூ வெண்மையானது, மணமுள்ளது. புளிப்புச் சதையுள்ள உருண்டைக் காய் எலுமிச்சையைவிட மிகச் சிறியது. புதுக்கோட்டை, விழுப்புரம் மாவட்டங்களின் கோயில் காடுகளில் இன்றும் குருந்து உண்டு. வீட்டுத் தோட்டங்களில் அரிது.

செடி மறக்கப்பட்டாலும் பெயர் மறக்கப்படவில்லை. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் குருந்தும் ஒன்று. நாச்சியார் திருமொழியில் ஆயர் மகளிரின் ஆடைகளைக் கவர்ந்த கண்ணன் குருந்த மரத்தின் மேல் இருக்கிறான். சைவத்தில் இதன் இடம் இன்னும் ஆழமானது. பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் குருந்தின் அடியில் குருவடிவில் வீற்றிருந்த சிவனிடம் உபதேசம் பெற்றார் என்பது மரபு. திருவாசகத்தின் அருட்பத்து, குருந்தின் கீழ் அமர்ந்த அப்பெருமானையே விளித்துப் பாடுகிறது. திருப்பெருந்துறை இன்று புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில். அக்கோயிலுக்குரிய புனித மரமான தலமரம் குருந்து.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தலமரத்தின் புனிதம் மரத்தில் இருக்கிறதா, இடத்தில் இருக்கிறதா? மரத்தில் இருக்கிறது என்றால், விதையோடு அதுவும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாற்றங்காலில் விற்கும் ஒவ்வொரு கன்றும் ஒரு திருப்பெருந்துறை ஆகிவிடும். இடத்தில் மட்டும் இருக்கிறது என்றால், வேறெங்கும் நிற்கும் குருந்துக்கும் வேலியோரத்துக் காரைச் செடிக்கும் வேறுபாடு இல்லை. வழக்கில் இரண்டு மனப்போக்குகளும் உண்டு. தலமரத்தின் கன்று வீட்டுக்கு நலம் தரும் என்று வாங்கி நடுவோர் ஒருபுறம். கோயிலுக்குரியதை வீட்டில் வைக்கக் கூடாது என்று அஞ்சுவோர் மறுபுறம்.

சைவ சித்தாந்தம் இந்த இரண்டையும் ஏற்பதில்லை. அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவன் எனவே கண்டு தொழ வேண்டும் என்பது மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டாம் நூற்பாவின் கருத்து. எங்கும் நிறைந்தவனைச் சில இடங்களில் மட்டும் ஏன் தொழ வேண்டும் என்ற தடைக்கு, அந்நூலும் அதன் உரைமரபும் தரும் விடை தெளிவானது: பிற இடங்களில் இறைவன் பாலில் நெய்போல் மறைந்து நிற்கிறான், இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்கி நிற்கிறான். பாலிலும் நெய் உண்டு. ஆனால் பாலைத் தயிர் என்று சொல்வது பொருந்தாது. இதைக் குருந்துக்குப் பொருத்திப் பார்த்தால், வீட்டுக் குருந்தில் இறைவன் இல்லை என்பதும் தவறு. அது தலமரத்துக்கு ஈடு என்பதும் தவறு.

மாணிக்கவாசகருக்கு உபதேசம் தந்தவர் குரு. மரம் நிழல் தந்தது. ஆவுடையார்கோயிலின் அமைப்பே இதை உணர்த்துகிறது. அங்கே கருவறையில் ஆவுடை எனும் பீடம் மட்டும் உண்டு, இலிங்கம் இல்லை. கொடிமரமும் நந்தியும் இல்லை. இறைவன் திருமேனியைக்கூட உருவில் அடக்காத தலம், ஒரு மர இனத்தையே பற்றிக்கொள்ளச் சொல்லாது.

அப்படியானால் வீட்டில் குருந்து வளர்ப்பதற்குச் சமயப் பொருள் ஏதும் இல்லையா? உண்டு, அது மரத்தால் கிடைக்கும் பலனில் இல்லை, மரத்துக்குச் செய்யும் பணியில் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுக்கிறது. திருவாசகத்தின் சிவபுராணம் உயிர் எடுத்து இளைக்கும் பிறவிகளில் மரத்தையும் சேர்க்கிறது. ஆகவே கன்று நடுதல் ஓர் உயிரைப் பொறுப்பேற்றல். சிவஞான சித்தியார் கோயிலை அலகிடுதல், பூத்தொடுத்தல், விளக்கிடுதல் ஆகியவற்றோடு நந்தவனம் அமைத்தலையும் சரியை எனும் உடலால் செய்யும் தொண்டில் வைக்கிறது.

இந்தத் தொண்டு கன்று கிடைக்கும் வழியிலேயே தொடங்குகிறது. கோயில் காட்டிலிருந்து சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. அங்கிருந்து கன்று பிடுங்குவது முறையாகாது. ஆரோவில் வட்டாரத்து நாற்றங்கால்களில் இக்காட்டு வகைச் செடிகள் வளர்க்கப்படுகின்றன. விதை கிடைத்தால் பழச்சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். காய வைத்துச் சேமித்தால் முளைப்புத் திறன் குறையும். நீர் தேங்காத செம்மண்ணும் நல்ல வெயிலும் ஏற்றவை. பாதி நிழலையும் தாங்கும். வேர் பிடித்த பிறகு அதிக நீர் கேட்காது. வளர்ச்சி மெதுவானது, பூவுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முள் இருப்பதால் நடைபாதையை விட்டு வேலியோரம் நடுவது நல்லது.

குருந்தின் தளிரைக் கறிவேப்பிலை அழகி முதலிய வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் உண்ணும். தலமரம் என்று வளர்த்தவர் புழுவைக் கண்டதும் மருந்து தெளிக்க எண்ணலாம். மரமும் உயிர், புழுவும் உயிர் என்பவருக்கு அந்த எண்ணம் முரண். நலமான செடி இழந்த தளிரை மீண்டும் விடும். பூப்பறிப்பதிலும் இதே நிதானம் வேண்டும். பூசைக்குப் பூக்கொய்வதைச் சித்தியார் தொண்டு என்கிறது. பூவிலும் இறைவனே இருக்கக் கண்டு பறிக்க மனம் வராத நிலையைத் தாயுமானவர் பாடுகிறார். முன்னது தொண்டின் நிலை, பின்னது ஞானத்தின் நிலை. ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை. தேவைக்கு மேல் பறிக்காமல் இருப்பதே இல்லத்தாருக்கு உரிய வழி.

நலம் தேடிக் குருந்து நடுபவருக்குச் சித்தாந்தத்தில் ஆதரவு இல்லை; அஞ்சி விலக்குவதற்கும் காரணம் இல்லை. ஓர் உயிரைப் பேணும் தொண்டாக நடுபவர் மட்டுமே அந்த மரத்தைச் சமயப் பொருளோடு வளர்க்கிறார்.