துண்டு மாற்றப் போனவர் பார்த்தது

லாட்ஜில் அறை பெருக்குகிறவர் கண்ணுக்குத் தப்புவது குறைவு. மூன்று நாளாகக் கதவைப் பாதிக்கு மேல் திறக்காத அறை, நடுராத்திரியில் திரும்பத் திரும்பத் துண்டு கேட்கும் அறை, பெயரைக் கேட்டால் கூட வந்தவர் முகத்தைப் பார்க்கும் சிறுமி, அவளுடைய ஆதாரைத் தன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் ஆள். ரிசப்ஷன் லெட்ஜரில் இதெல்லாம் ஏறாது. அவர் மனசில் மட்டும் ஏறும்.

ஏறியதை யாரிடம் சொல்வது? மேனேஜரிடம் சொன்னால் 'நமக்கெதுக்கு வம்பு' என்பார். ஊரை விட்டு வந்து ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அதற்கு மேல் பேச வாயில்லை.

சட்டம் பேசச் சொல்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடந்துவிடுமோ என்று அஞ்சினாலும், காவல்துறைக்குச் சொல்வது யாராக இருந்தாலும் கடமை. நடந்தது தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்தக் கடைசி வரிதான் அறை பெருக்குகிறவர் காதில் விழ வேண்டியது. முதலாளிக்கும் சட்டம் இருக்கிறது: 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டப்படி, விபசாரம் நடக்க விட்ட ஓட்டலின் உரிமத்தை மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை நிறுத்தி வைக்கலாம், சிக்கியது சிறுமி என்றால் ரத்தே செய்யலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் ஓட்டல் பணியாளர்களுக்கு, இப்படிக் கடத்தி வரப்பட்டவர்களை அடையாளம் காணும் பயிற்சியை 2016-இல் சட்டமாகவே ஆக்கியது.

இங்கே அப்படிப் பயிற்சி கொடுத்தாலும், மணமாகாத ஜோடிகளைத் துரத்துவதற்கு அதைச் சாக்காக்கிவிடக் கூடாது. விரும்பி வந்த இரண்டு பெரியவர்கள் நம் கவலை அல்ல. வாய் திறக்க முடியாமல் அழைத்து வரப்பட்டவளே கவலை. சந்தேகம் வந்தால் அறைக்குள் நுழைந்து கேள்வி கேட்கவும் வேண்டாம். அது அவளுக்குத்தான் அடியாக முடியும். அறை எண், வண்டி எண், வந்த நேரம் இவற்றைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து தகவல் சொன்னால் போதும்.

லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் கேட்பது இரண்டே. தகவல் சொன்னவர் வேலை போகாது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பணியாளர்கள் சாப்பிட உட்காரும் இடத்தில், கண்ணில் படுகிற உயரத்தில், 1098 என்ற எண்ணை எழுதி ஒட்டுங்கள். குழந்தைகளுக்கான அந்த உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள்.