நாலு பேர் வேண்டும்

1975 மார்ச்சில், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் கணினி ஆர்வலர்கள் சிலர் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் பிறந்தது அங்கேதான். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வதே அங்கு வழக்கம். ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், தாம் வடிவமைத்த கணினியின் சுற்று வரைபடத்தையே அங்கு இலவசமாகக் கொடுத்தார். 1976இல் ஆப்பிளின் முதல் கணினியாக விற்பனைக்கு வந்தது அந்தக் கணினிதான்.

புதுத் தொழில் தொடங்குபவருக்கும் இப்படியொரு கூட்டம் தேவை; முதலீடு மட்டும் போதாது. சம்பளம் கொடுக்க முடியாத மாதத்தில் மனம்விட்டுப் பேசவும், நல்ல ஆடிட்டரையும் முதல் வாடிக்கையாளரையும் கைகாட்டவும் நாலு பேர் வேண்டும். உங்கள் ஊரில் அப்படியொரு கூட்டம் இல்லையென்றால், அதைக் கூட்டும் முதல் ஆள் நீங்களாக இருங்கள். கற்றதைச் சொல்லிக் கொடுங்கள். தடுமாறுபவரைக் கைதூக்கி விடுங்கள்.