குளிருக்கு ஒரு டிக்கெட்

சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸின் பயண ஏஜென்சிகளைக் கடக்கும்போதெல்லாம் யோசிப்பேன்: நிலநடுக்கோட்டுக்கு 137 கிலோமீட்டர் வடக்கே வாழ்கிறவர்கள் காசு கொடுத்து அலாஸ்காவுக்கு நடுங்கப் போவது ஏன்? வெக்கைதான் காரணம் என்றால் ஏசி போதுமே. ஆபீஸில் நானே ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

குளிர்க் கப்பலின் சுகம் அதன் கதவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தளத்தில் பத்து நிமிஷம் பனிப்பாறை; கதவைத் திறந்தால் சூடான சூப்.

"காசு குடுத்து யாராவது கஷ்டப்படுவாங்களா?" என்பார் அம்மா. இதை ரசனைக்குறைவு என்று ஒதுக்க முடியவில்லை. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக இங்கே வந்த எஸ்.எஸ். ரஜுலா கப்பலிலும் தளம் இருந்தது. கேபினுக்கு வசதியில்லாதவர்கள் அங்கேயே பாய் விரித்துப் படுத்து வந்தார்கள். அதே கடல், அதே காற்று. உள்ளே போகக் கதவுதான் இல்லை. அதை யாரும் சாகசம் என்று சொன்னதில்லை.

நாமே தேர்ந்தெடுத்து, நினைத்தபோது நிறுத்த முடிகிற சிரமத்துக்குத்தான் சாகசம் என்று பெயர். குளிரைத் தேடிப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். வர மறுப்பவரை 'ரசனை இல்லாதவர்' என்பதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: அவர் வாழ்க்கையில் அந்தக் கதவு எத்தனை தடவை திறந்திருக்கும்?