பழுது பார்த்தல் பொய்யாகுமா?



சென்ற மாதம் எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எமது மறைமாவட்டத்துக் கரையோரப் பங்கொன்றைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய அனுமதியுடன், ஆளை இனங்காண முடியாதபடி சில விபரங்களை விடுத்து, விஷயத்தை இங்கே தருகிறோம்.

அவருடைய மகன் கனடாவில் ரொறன்ரோ நகரில் இருக்கிறார். ஹொக்கி வீரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டைகளைச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. நாம் இளவயதில் முத்திரை சேர்த்தோமே, அதைப் போன்றது. ஆனால் அங்கே சில அட்டைகள் காணி விலைக்கு விற்கப்படுகின்றன. மகன் தமது சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து 1979ஆம் ஆண்டு அட்டை ஒன்றை வாங்கினார். வேய்ன் கிரெட்ஸ்கி என்னும் புகழ்பெற்ற ஹொக்கி வீரரின் முதல் அட்டை அது. தங்கையின் கலியாணம் வரும்போது நல்ல விலைக்கு விற்கலாம் என்பது அவருடைய எண்ணம். விற்குமுன் அதன் தரத்தை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார். அட்டை பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து மூடப்பட்டுத் திரும்பி வந்தது. பத்துக்கு இத்தனை என்று புள்ளி எழுதியிருக்க வேண்டிய இடத்தில், 'மாற்றம் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தது. முன்னர் யாரோ ஒருவர் அதன் ஓரத்தை வெட்டிச் சீர்செய்திருக்கிறார்.

நண்பர்கள் சொன்ன ஆலோசனை இதுதான்: உறையை உடைத்து அட்டையை வெளியே எடு, ஒன்றும் பேசாமல் விற்றுவிடு, வாங்குகிறவன் கண்ணைத் திறந்து பார்க்கட்டும். தாய் எமக்கு எழுதுகிறார்: "சுவாமி, வெட்டினது என்ர பிள்ளை இல்லை. அவனை ஏமாத்தினவன் எங்கேயோ நிம்மதியாய் இருக்கிறான். நட்டத்தை ஏன் இவன் சுமக்க வேணும்?"

இலேசான கேள்வி அல்ல. இதற்கு மறுமொழி சொல்லுமுன் இந்த அட்டைகளின் கதையைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் 1909 தொடக்கம் 1911 வரை அமெரிக்கன் ரொபாக்கோ கம்பனி தனது சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்போல் வீரர்களின் சிறிய வண்ணப் படங்களை வைத்து விற்றது. இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய உயரம், ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம். அவற்றுள் பிற்ஸ்பேர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் என்பவருடைய அட்டை மிக அரிது. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 50 அல்லது 60. சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை விரும்பாமல் அவரே அச்சிடுவதை நிறுத்தச் செய்தார் என்பது ஒரு கதை. அவர் தாமே புகையிலை மென்றவர், தமக்குப் பணம் தரவில்லை என்றுதான் தடுத்தார் என்பது மற்றக் கதை. எது மெய்யோ, அட்டை அரிதாயிற்று.

அந்த 50, 60 அட்டைகளுள் ஒன்று மாத்திரம் நேற்று அச்சிட்டதைப் போல ஓரங்கள் கூராக, மூலைகள் மடியாமல் இருந்தது. 1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 25,000 டொலருக்கு வாங்கினார். 1987இல் 110,000 டொலருக்கு விற்றார். 1991இல் அதே அட்டை ஏலத்தில் 451,000 டொலருக்குப் போனது. அப்போது வாங்கியவர்களில் ஒருவர், எமது தாயின் மகன் வாங்கிய அட்டையில் படமாக இருக்கிறாரே, அந்த வேய்ன் கிரெட்ஸ்கியேதான். தரம் மதிப்பிட்டவர்கள் அதற்குப் பத்துக்கு எட்டுப் புள்ளி கொடுத்தார்கள். கைமாறிக் கைமாறி 2007இல் அதன் விலை 28 இலட்சம் டொலராயிற்று. பின்னர் 2013இல் மாஸ்ட்ரோ வேறு ஏல மோசடிகளுக்காக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இதையும் ஒப்புக்கொண்டார்: அந்த அட்டையின் ஓரங்களை வெட்டியது தாமே. 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

வெட்டுவதால் விலை கூடுவது எப்படி என்று கேட்பீர்கள். பழைய அட்டையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிடுகின்றன. சுற்றிவர மயிரிழை அளவு வெட்டி எடுத்தால் மூலை மீண்டும் கூராகிறது. ஆனால் அளவில் அந்த மயிரிழை குறைகிறது. கனடிய ஹொக்கி அட்டைகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் இருந்த ஓ-பீ-சீ நிறுவனம் அச்சிட்ட அட்டைகளின் ஓரம் பிறவியிலேயே சொரசொரப்பானது. ஆகவே ஓரம் மழமழப்பாக இருந்தால் அறிந்தவர்கள் அதையே சந்தேகிக்கிறார்கள். அழகே அங்கு குற்றத்துக்குச் சாட்சியாகி விடுகிறது!

இனிக் கேள்விக்கு வருவோம். கேள்வி உண்மையில் இரண்டு. பழைய பொருளைச் சீர்செய்வதே அதன் மெய்யைக் கெடுப்பதாகுமா என்பது ஒன்று. கெட்டுப்போன பொருளை அறியாமல் வாங்கியவனின் கடமை என்ன என்பது மற்றது.

முதலாவதில் சிலர் மிகக் கடுமையாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு, தூசி துடைப்பதுகூடத் துரோகம். இது மிகைப்பட்ட பேச்சு. அட்டை சேர்ப்பவர்களே இதில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் அக்காலத்தில் கொப்பியில் பசை போட்டு ஒட்டிவைத்த அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுப்பதைப் பெரும்பாலோர் குற்றமாகக் கருதுவதில்லை. மேலே படிந்த அந்நியப் பொருளைத்தானே நீக்குகிறோம். ஆனால் தேய்ந்த இடத்துக்கு நிறம் பூசுவது, கிழிந்த மூலைக்கு வேறு காகிதக் கூழால் மூலை செய்வது, ஓரத்தை வெட்டுவது ஆகிய இவற்றை அவர்கள் மாற்றம் என்கிறார்கள். இவற்றிலும் வெட்டுவதே மோசமானது என்பது எமது எண்ணம். பூசியதைத் துடைக்கலாம், ஒட்டியதைப் பிரிக்கலாம். வெட்டியதை யார் திரும்ப வைப்பது?

திருச்சபையின் கலைச்செல்வங்களைப் பேணுவோரும் இதே கேள்வியோடு போராடியிருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி, பெந்தக்கோஸ்து ஞாயிறன்று, புனித இராயப்பர் பேராலயத்தில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய வியாகுல மாதாவின் சொரூபத்தை ஒரு மனிதன் சுத்தியலால் அடித்து நொறுக்கினான். தேவ அன்னையின் இடக்கை முறிந்தது. மூக்கும் கண்ணிமையும் சிதைந்தன. அந்நாட்களில் மூன்று விதமான அபிப்பிராயம் எழுந்தது. நடந்த கொடுமைக்குச் சாட்சியாகச் சிதைந்தபடியே விடுங்கள் என்றனர் சிலர். ஒட்டுங்கள், ஆனால் ஒட்டிய இடம் தெரியட்டும் என்றனர் வேறு சிலர். இது உரோமையில் சேசரே பிராண்டி என்ற அறிஞர் வகுத்த வழியை ஒட்டியது. அவருடைய முறைப்படி, ஓவியத்தில் அழிந்த பகுதியை மெல்லிய கோடுகளால் நிரப்புவார்கள். தூர நின்றால் படம் முழுமையாகத் தெரியும், கிட்டப் போனால் எது பழையது எது புதியது என்று விளங்கும். மூன்றாவது கட்சி, இது மக்கள் செபிக்கும் உருவம், வடுத் தெரியாமல் முழுமையாகச் சீர்செய்ய வேண்டும் என்றது. வத்திக்கான் மூன்றாவதையே தேர்ந்தது. இன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சொரூபத்தில் வடுவைச் சாதாரண கண் காணாது.

அப்படியானால் வத்திக்கான் பொய் செய்ததா? இல்லை. சொரூபம் உடைந்ததும் ஒட்டப்பட்டதும் உலகத்துக்கே தெரியும். செய்த வேலை பதிவு செய்யப்பட்டிருக்கிறது. கைவேலையில் மறைவு உண்டு; சொல்லில் மறைவு இல்லை. மாஸ்ட்ரோவின் அட்டையிலோ கைவேலையும் மறைவு, சொல்லும் மறைவு. சீர்செய்யும் கை பொய் சொல்வதில்லை, விற்கும் வாய்தான் பொய் சொல்கிறது. அது மெளனமாய் இருக்கும்போதும் சொல்கிறது.

(திருவிழாவுக்கு முதல் வாரம் பழைய மரச் சொரூபங்களுக்கு எனாமல் பெயின்ற் பூசிப் பளபளக்க வைக்கும் எமது பங்குகளைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. அங்கே எவரும் எவரையும் ஏமாற்றவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பூச்சின் கீழே இருக்கும் தச்சனின் வேலைக்காக எமக்குக் கவலையுண்டு.)

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறையைச் சொன்னால் பொருள் விலைபோகாது என்று பயப்படுகிறோம். 2021 ஓகஸ்ட் மாதத்தில் வேறொரு வாக்னர் அட்டை 66 இலட்சம் டொலருக்கு விலைபோனது. அதன் தரம் பத்துக்கு மூன்றுதான். மறுவருடம், 2022 ஓகஸ்டில், பத்துக்கு இரண்டு மட்டுமே பெற்ற இன்னொன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது. காலத்தோடு விலைகள் ஏறியது மெய்தான். முழுக் காரணத்தையும் நேர்மையின்மேல் ஏற்றிச் சொல்லமாட்டோம். ஆனால் மடிந்து தேய்ந்த அந்த அட்டைகளை வாங்கியவர்கள், தாம் எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்கினார்கள்.

இந்தப் பொழுதுபோக்கில் எமக்கு விளங்காத ஒன்றும் உண்டு. சிறுவர்கள் கையில் வைத்து விளையாடவென அச்சிட்ட அட்டை, எந்தச் சிறுவனும் தொடாமல் இருந்தால்தான் பெரும் விலை பெறுகிறது. ஒரு பையன் சட்டைப்பையில் வைத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோய் நண்பர்களுக்குக் காட்டிய அட்டை மலிவு. தேய்ந்த மூலை அந்தப் பையனின் விரலுக்குச் சாட்சி அல்லவா? வெட்டுகிறவன் காகிதத்தோடு அந்தச் சாட்சியையும் வெட்டி எறிகிறான்.

சரி, தாயின் கேள்வி. வெட்டாதவன் ஏன் நட்டப்பட வேண்டும்?

குருமடத்தில் நாம் கற்ற பாடங்களில், கொடுக்கல் வாங்கலைப் பற்றி அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எழுதிய பகுதியும் ஒன்று. விற்கும் பொருளின் குறையைச் சொல்ல விற்பவன் கடமைப்பட்டவனா என்று அவர் கேட்கிறார். குறை வெளிப்படையாய் இருந்து விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டால், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்கிறார். ஒற்றைக் கண் குதிரையை உதாரணம் காட்டுகிறார். வாங்குகிறவனுக்கே கண் தெரியும். ஆனால் மறைந்த குறையால் வாங்குபவனுக்கு நட்டம் வருமானால் சொல்லியே ஆகவேண்டும். மயிரிழை வெட்டிய அட்டை ஒற்றைக் கண் குதிரை அல்ல. மதிப்பிடுவோரின் அளவுகோலும் உருப்பெருக்கியும் இல்லாமல் அதைக் காணமுடியாது. ஆகவே, "வாங்குகிறவன் கண்ணைத் திறந்து பார்க்கட்டும்" என்ற நண்பர்களின் நியாயம் இங்கே பொருந்தாது.

அதே புனிதர் இன்னொன்றும் சொல்கிறார். குறையை அறியாமல் விற்றவன் பாவம் செய்யவில்லை. ஆயினும் அது தெரியவந்தவுடன் வாங்கியவனுக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவன். அம்மா, இதைக் கவனியுங்கள். இந்த நியாயம் உங்கள் மகனுக்கு எதிராக மட்டும் நிற்கவில்லை, அவருக்காகவும் நிற்கிறது. அவருக்கு விற்றவர் வெட்டியவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அவரும் அறியாமல் வாங்கி விற்றிருக்கலாம். இப்போது அறிந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு. எனவே மகன் முதலில் செய்யவேண்டியது, அந்த உறையின் படத்தை எடுத்து, தமக்கு விற்றவருக்கு எழுதுவது. கோபமாக அல்ல, கணக்காக.

அவர் மறுத்துவிட்டால்? ஆளே அகப்படாவிட்டால்? அப்போதுதான் கேள்வி நெஞ்சில் குத்துகிறது. உங்கள் மகன் ஏமாற்றப்பட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் உறையை உடைக்கும் அந்த நிமிடத்தில், அவர் ஏமாற்றப்பட்டவர் என்ற நிலையிலிருந்து ஏமாற்றுபவர் என்ற நிலைக்கு மாறுகிறார். வெட்டியவன் எங்கோ இருக்கிறான், உண்மை. அடுத்து வாங்கப்போகிறவனும் எங்கோ இருக்கிறான். அவனும் ஒரு தாயின் பிள்ளை. அவனுக்கும் கலியாணம் செய்து கொடுக்க வேண்டிய தங்கை இருக்கலாம். நட்டத்தை அவன் தலையில் வைத்தால் அது நீங்கிவிடாது, இடம் மாறும், அவ்வளவுதான். வாக்னர் அட்டையை 1987 முதல் 2013 வரை வாங்கி விற்றவர்களின் வரிசையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஒரு மெளனம் கடந்து சென்ற 26 ஆண்டுகள் அவை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்து நாம் அறிந்த ஒன்றையும் சொல்லவேண்டும். களவெடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பது கடினம், ஆனால் முடியும். உரியவர் யார் என்று தெரியும். முகந்தெரியாத ஒருவருக்குக் கணினி மூலம் விற்று, அவர் வேறொருவருக்கு விற்று, பத்து வருடம் கழித்து மனச்சாட்சி விழித்தால், யாரிடம் போய் ஈடுசெய்வது?

ஆகவே எமது மறுமொழி இது. உறையை உடைக்க வேண்டாம். விற்பதானால் அந்தச் சொல்லோடு விற்கட்டும். மாற்றம் செய்யப்பட்ட அட்டைகளையும் குறைந்த விலைக்கு வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். முழு அட்டை வாங்க வசதியற்றவர்கள், கிரெட்ஸ்கியின் படம் ஒன்று வீட்டில் இருந்தால் போதும் என்று வாங்குகிறார்கள். கொடுத்த பணத்தில் ஒரு பகுதி திரும்பும். மிச்சம் திரும்பாது. அதை உங்களிடம் நாம் மறைக்கவில்லை. அந்த மிச்சத்தைச் சுமப்பது அநியாயம் என்று நீங்கள் எழுதியது சரி, அது அநியாயந்தான்.

கலியாணச் செலவைப் பற்றி உங்கள் பங்குத்தந்தையோடு கதையுங்கள். எமது கலியாணங்களில் வெட்டிக் குறைக்கக்கூடிய ஓரங்கள் நிறைய உண்டு. அதை எவரும் மோசடி என்று சொல்லமாட்டார்கள். விற்றவரிடமிருந்து மறுமொழி வந்தால் எமக்கும் எழுதுங்கள்.