எண்பது ஊர்ப்பெயர்கள்

இலண்டனிலிருந்து உரோமைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,430 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரம். மரணப்படுக்கையிலிருக்கும் தாயைக் காண விரையும் மகனுக்கு இவ்வேகம் அருளே, மறுப்பதற்கில்லை.

990ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கான்டர்பரிப் பேராயர் சிகெரிக், பால்லியம் என்னும் தோள்பட்டிகையைத் திருத்தந்தையிடம் பெற உரோமை சென்றார். திரும்பும் வழியில் தங்கிய ஊர்கள் ஏறத்தாழ எண்பதின் பெயர்கள் குறித்துவைக்கப்பட்டன. (ஆல்ப்ஸ் மலையைக் கடந்த களைப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, வெறும் பெயர்ப்பட்டியலே.) எனக்கோ அது ஒரு கடன் பட்டியலாகத் தோன்றுகிறது. ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர் கதவைத் திறந்திருக்க வேண்டும். நீரும் படுக்கையும் தந்திருக்க வேண்டும்.

அதே ஆல்ப்ஸின் மேலே, சன்னல் திரையை இறக்கிவிட்டு நானும் ஒருமுறை உறங்கியவன்தான். வழியில் எவரிடமும் எதையும் இரவாமல் போய்ச் சேர்ந்தேன். அதை அன்று விடுதலை என்றே எண்ணினேன். இறங்கிய பின் எழுதிவைக்க ஓர் ஊர்ப்பெயரும் என்னிடம் இருக்கவில்லை.