ருசியும் சாட்சியும்

பிறர் வாக்கை எப்பொழுது பிரமாணமாகக் கொள்ளலாம் என்பது நம் தத்துவ சாஸ்திரங்களின் பழைய கேள்விகளுள் ஒன்று. வேதத்தின் பிராமாண்யத்தை நிலைநாட்டவும் மறுக்கவுமாக நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வாதப் பிரதிவாதங்களில் அது தீட்டத் தீட்டக் கூர்மை பெற்றது. அத்தனை பெரிய காரியத்துக்காக உருவான விசாரணை முறையை, மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பிலிருந்து வடிக்கும் ரம் என்ற மதுவைப் பற்றிச் சம்பளமோ பட்டமோ இல்லாமல், தம் ஆர்வம் ஒன்றையே முதலாக வைத்து ருசி பார்த்து எழுதுகிற அமெச்சூர் சுவைஞர்களிடம் கொண்டுபோய்ப் பிரயோகிப்பது அபசாரம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரம்பொருளைக் கண்டேன் என்பவனும், பீப்பாயில் கிடந்த மதுவில் அன்னாசியின் வாசனையை உணர்ந்தேன் என்பவனும் கேட்பவனை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். சொல்பவனுக்கு அது அநுபவம். கேட்பவனுக்கு வெறும் வாக்கு.

மதுவைத் தொடாதவனுக்கு இந்த விசாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியின் பக்கத்தில்தான் நான் இன்றும் நிற்கிறேன். ஆனால் குடிப்பவனுக்காவது ஒரு புட்டியை வாங்கிச் சோதித்துப் பார்க்கும் வழி உண்டு. அந்த வழியும் அடைபட்டு, முழுக்க முழுக்கப் பிறர் சொல்லையே நம்பி இருக்க வேண்டிய என்னைப் போன்றவனுக்கே சாட்சியின் தராதரத்தை ஆராயும் அவசியம் அதிகம்.

மற்ற மதுக்களை விட்டு ரம்மை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் விஸ்கிக்கு ஒரே சட்டம். ரம்மோ கரும்பு விளையும் தேசங்கள் பலவற்றில் வடிக்கப்படுகிறது. ஒவ்வொரு தேசத்துக்கும் தனித்தனிச் சட்டம், சிலவற்றில் சட்டமென்று சொல்லத்தக்கதே இல்லை. மார்த்தினிக் தீவில் புதுக் கரும்புச் சாற்றிலிருந்து வடிக்கும் ரம்முக்கு 1996-இல் பிரெஞ்சு அரசு கரும்பின் வகை முதல் வாலையின் அமைப்பு வரை விதித்துக் கட்டுத்திட்டம் செய்தது. ஜமைக்காவிலும் பார்படோஸிலும் வடித்த பின் சர்க்கரை சேர்ப்பதில்லை என்பது பெருமைக்குரிய மரபு. வேறு இடங்களிலோ சர்க்கரைப் பாகும், வாசனைச் சரக்கும், நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரையும் தாராளமாகச் சேரும். புட்டியின் மேல் பெரிய எழுத்தில் 23 என்று ஓர் எண் இருந்தால், அது உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதன் வயதா, மிக மூத்ததன் வயதா, அல்லது விற்பனைக்காரரின் கற்பனையா என்பது அந்த எண்ணைப் பார்த்துத் தெரிவதன்று. சீட்டே சாட்சி சொல்ல மறுக்கும் இடத்தில் தனி மனிதர்கள் சாட்சி சொல்லப் புறப்பட்டது இயல்புதான்.

அவர்கள் எழுதுவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். "பன்னிரண்டு வருஷம் வெப்பமண்டலத்தில் பீப்பாயிலேயே முதிர்ந்த இந்த ரம், மரத்தாலான பழைய வாலையில் வடிந்ததற்குரிய கனத்தோடு, வெல்லமும் ஈரத் தோலும் கலந்த மணத்தை எழுப்புகிறது" என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இந்த வாக்கியத்தில் மூன்று ஜாதி அறிவுகள் வேஷம் மாற்றிக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. மணத்தை அவர் முகர்ந்தார், அது பிரத்தியட்சம். மரவாலை என்பதைக் கனத்திலிருந்து ஊகித்தார், அது அநுமானம். பன்னிரண்டு வருஷம் என்பதைச் சீட்டில் படித்தார். அது பிறர் வாக்கு, அதுவும் விற்கிறவருடைய வாக்கு. காண்டல், கருதல், உரை என்று அளவைகளை மூன்றாக அடக்கிய அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரைப் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதன்று. புதிது என்னவென்றால், அறிவில் இவ்வளவு தெளிவாகப் பிரிகிற மூன்றும் எழுத்தில் வரும்போது எல்லாமே கண்ணால் கண்டவைபோல் ஆகிவிடுகின்றன என்பதுதான். நாவுக்கு வயது தெரியாது. வயதை அறிந்துகொண்ட பின் ருசி பார்க்கும் நாவுக்கு வயதின் ருசி தெரிவதில் ஆச்சரியமும் இல்லை.

அநுமானத்திலும் ஒரு குழி உண்டு. மது கறுத்திருக்கிறது, ஆகவே பழையது என்ற ஊகம் மிகச் சாதாரணமாகச் செய்யப்படுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு என்பதற்கு வியாப்தி, அதாவது விலக்கில்லாத தொடர்பு, உண்டு. நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை என்பதற்கு இல்லை, ஏனெனில் ஈர விறகு என்ற உபாதி, அதாவது தனி நிபந்தனை, இடையில் நிற்கிறது என்பார்கள் நியாய சாஸ்திரக்காரர்களான நையாயிகர்கள். ரம்மின் கறுப்புக்கும் அதன் வயதுக்கும் நடுவே நிற்கிற உபாதி, கருக்கிய சர்க்கரை. மேலும் மேற்கிந்தியத் தீவுகளின் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆவியாகப் போவது ஐரோப்பியக் கிடங்கில் போவதைக் காட்டிலும் பன்மடங்கு. தீவில் கழிந்த பத்து வருஷமும் ஐரோப்பாவில் கழிந்த பத்து வருஷமும் ஒன்றாகா. இவற்றையெல்லாம் அறிந்து அடக்கத்தோடு ஊகிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தம் ஊகத்தை ஊகம் என்றே சொல்கிற அவர்களுடைய எழுத்து மற்றவர்களுடையதைவிடச் சற்றுச் சப்பென்று இருக்கும்.

யார் ஆப்தன், அதாவது யார் சொல்லை நம்பலாம், என்பதற்கு நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர் வகுத்த இலக்கணம் வியப்பானது. பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல வேண்டுமென்ற விருப்பத்தால் தூண்டப்பட்டவனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொல்லியிருப்பதை, பிறப்பையும் பட்டத்தையும் கொண்டு சாட்சியின் மதிப்பை அளந்து பழகிய சமூகம் அடிக்கடி மறந்துவிட்டது. அமெச்சூர் என்ற காரணத்தாலேயே ஒருவனைத் தள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு அகப்படவில்லை. 1657-இல் அச்சான ரிச்சர்ட் லிகனின் பார்படோஸ் சரித்திரம்தான் அந்தத் தீவின் மதுவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சிகளுள் முக்கியமானது; கரும்பை வெட்டி, ஆட்டி, காய்ச்சிய அடிமைகளின் நாவுக்கு அது எப்படி இருந்தது என்பதை எழுதி வைக்க யாரும் நினைக்கவில்லை. பின்னாளில், 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மார்த்தினிக்கின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன நம்மவர்களின் சாட்சியும் அப்படியே போயிற்று. நேரே அறிந்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் கேட்பார் இல்லை.

ஆயினும், சம்பளம் வாங்காதவன் என்பதால் மட்டும் ஒருவன் ஆப்தன் ஆகிவிடமாட்டான். சாஸ்திரங்கள் ஆப்தனிடம் ராகமும் துவேஷமும் இருக்கக் கூடாது என்கின்றன. ராகம் பணத்தின் வடிவில் மட்டுமா வருகிறது? வடிசாலைக்காரர் இலவசமாக அனுப்பிய புட்டியைப் புகழ்பவனை எல்லோரும் சந்தேகிக்கிறோம். தன் சம்பாத்தியத்தில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய புட்டியைப் புகழ்பவனையும் அதே அளவு சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி. முன்னவன் நன்றி பாராட்டுகிறான். பின்னவன் தான் ஏமாறவில்லை என்று தனக்கே நிரூபித்துக்கொள்கிறான். 2003-இல் மூடப்பட்ட டிரினிடாட் தீவின் கரோனி வடிசாலையின் எஞ்சிய பீப்பாய்கள் புட்டிகளாகி ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், அவற்றில் சிலவற்றை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவன் கரோனியின் தார் மணத்தைப் பற்றிப் பாடும் துதியை, பங்கு வைத்திருப்பவன் தன் கம்பெனியைப் பற்றிச் சொல்லும் நற்சொல்லாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இவை தவிர, தன் நண்பர் கூட்டம் மெச்சுவதை மெச்சியும், அது இகழ்வதை இகழ்ந்தும் எழுதும் ராகம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். எழுதுகிறவனுக்கே அது தெரியாது.

அப்படியானால் யாரையும் நம்ப வழியில்லையா? இங்கேதான் நியாய சாஸ்திரம் பெரிய உபகாரம் செய்கிறது. வேதம் சொல்லும் சுவர்க்கத்தைப் போய்ப் பார்த்து வந்து சரி சொல்ல முடியாது. ஆனால் ஆயுர்வேதம் சொல்லும் மருந்தை உண்டு பார்த்து நோய் தீர்கிறதா என்று காணலாம். சோதிக்கக்கூடிய விஷயத்தில் ஒருவரது வாக்கு பலித்தால், சோதிக்க முடியாத விஷயத்திலும் அவரை நம்புவதற்கு அது நியாயம் தருகிறது என்பது நியாய சூத்திரத்தைச் செய்த கௌதமர் காட்டிய வழியின் சாரம். இந்த யுக்தி பரலோகத்துக்குச் செல்லுபடியாகுமா என்பதில் எனக்குச் சம்சயம் உண்டு. ரம்முக்கு அது பிரமாதமாகப் பொருந்துகிறது.

எப்படியென்றால், ரம்மைப் பற்றிய கூற்றுகளில் சில சோதிக்கக்கூடியவை. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் என்ற சிறு கண்ணாடிக் கருவி, பால்காரரின் பாலில் இருக்கும் தண்ணீரைப் பால்மானி காட்டிக்கொடுப்பதுபோல, மதுவில் கரைந்த சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டும் இருந்தால் நூற்றுக்கு 40 பங்கு ஆல்கஹால் உள்ள மதுவின் அடர்த்தி 20 டிகிரி வெப்பத்தில் 0.948 ஆக இருக்கும். சர்க்கரை அதைக் கனமாக்கும். ஒரு லிட்டரில் 20 கிராம் கரைந்திருந்தால், சீட்டில் 40 என்று அச்சிட்டிருக்கும் மதுவில் கருவி ஏறத்தாழ 35 என்றுதான் காட்டும். இந்த எளிய பௌதிகத்தை வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் அமெச்சூர்கள் சிலர் தம் சமையலறை மேஜையிலேயே புட்டி புட்டியாக அளந்து பட்டியல் வெளியிட்டார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் மது விற்பனையை ஏகபோகமாக நடத்தும் அரசு நிறுவனங்கள் வெளியிட்டுவந்த சர்க்கரை அளவுகளும் அவர்களுக்குத் துணை நின்றன. மென்மை, முதிர்ச்சி, தேன் போன்ற குழைவு என்று நிபுணர்கள் பலர் வருஷக் கணக்கில் வர்ணித்துவந்த குணங்கள் எத்தனையோ புட்டிகளில் பீப்பாயிலிருந்து வந்தவை அல்ல, சர்க்கரைச் சாக்கிலிருந்து வந்தவை என்பது அப்போது வெளிப்பட்டது.

ஆகவே அளக்கத்தக்க விஷயத்தில், அளவு வெளியாவதற்கு முன்பே, "இதில் இனிப்புச் சேர்த்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது" என்று எழுதி, பின்னர் கருவியும் அதையே சொல்ல நின்றவன் எவனோ, அவனுக்கு அளக்க முடியாத விஷயத்திலும் கொஞ்சம் காது கொடுக்கலாம். தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757-இல் ரசனையின் அளவுகோலைப் பற்றி எழுதிய கட்டுரையில் டான் கிஹோட்டே நாவலிலிருந்து எடுத்தாண்ட கதையும் இதுதான். அந்த நாவலில் வரும் சாஞ்சோவின் உறவினர் இருவரில் ஒருவர் திராட்சை மதுவில் தோலின் ருசியும் மற்றவர் இரும்பின் ருசியும் தட்டுவதாகச் சொல்லிப் பரிகாசத்துக்கு ஆளானார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடந்தது. எல்லாப் பீப்பாயிலும் சாவி கிடப்பதில்லை. கிடக்கிற சில பீப்பாய்களைக் கொண்டே நாவைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது பலமானதும்கூட. சர்க்கரையைச் சரியாகக் கண்டவன் சந்தன மணத்தையும் சரியாகக் காண்பான் என்று என்ன நிச்சயம்? நேர்மை வேறு, நாவின் கூர்மை வேறு. 2001-இல் போர்தோவில் மது இயல் பயின்ற 54 பேரிடம் வெள்ளை ஒயினுக்கு மணமில்லாத சிவப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். கலிபோர்னியாவின் மாநிலக் கண்காட்சியில் ஒயினுக்குப் பதக்கம் கொடுக்கும் நடுவர்களிடம், ஒரே புட்டியிலிருந்து ஊற்றியதை அவர்கள் அறியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்ஜ்சன், பத்தில் ஒரு நடுவர்தான் முன்பின் முரணாமல் தீர்ப்புச் சொன்னார் என்று 2008-இல் எழுதினார். பட்டம் பெற்ற நடுவர்களின் கதியே இதுவானால் அமெச்சூருடைய பிரத்தியட்சத்தை எவ்வளவுதான் நம்புவது? எனக்கு உணர்ந்தது உணர்ந்ததுதான் என்று அவன் சொல்வதை மறுக்க முடியாது. நாளைக்கும் அப்படியே உணர்வானா என்பதுதான் கேள்வி. ஆகையால் நூற்றுக்கு எண்பத்தேழு மார்க் என்று போடுகிறவர்களிடம் எனக்கு ஆதியிலிருந்தே மதிப்பு இல்லை. எண்பத்தாறுக்கும் எண்பத்தேழுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை உணரும் இந்திரியம் மனிதனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. சீட்டை மறைத்து, வேறு மதுக்களோடு கலந்து வைத்து, வேறொரு நாளில் திரும்பவும் ருசி பார்த்து, முன்பு எழுதியதற்கு மாறாகத் தோன்றினால் அதையும் சேர்த்து வெளியிடுகிறவன் சிலருக்குச் சஞ்சலபுத்திக்காரனாகத் தெரிவான். எனக்கு அவனே சாட்சி.

பழக்கமும் வேண்டும். ஜமைக்காவின் ஹாம்ப்டன் எஸ்டேட் போன்ற வடிசாலைகளில் வாலையின் அடியில் தங்கும் புளித்த கசட்டை மறுபடி மறுபடி சேர்த்து நாள் கணக்கில் நொதிக்கவிடுகிறார்கள். அப்படி வடிக்கும் ரம்மில், நூறு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 1,600 கிராம் வரை எஸ்டர் என்ற வாசனைப் பொருள்கள் ஏறும். இனிப்பு ரம் மட்டுமே பழகியவன் அதை முகர்ந்தால் கெட்டுப்போன அன்னாசி என்றும் வார்னிஷ் என்றும் சொல்லி ஒதுக்கிவிடுவான். அவன் பொய் சொல்லவில்லை; அவன் நாவில் ராகத் துவேஷமும் இல்லை; ஆனாலும் அவன் தீர்ப்புப் பயனற்றது. வாத்ஸ்யாயனர் கேட்ட நேரடி அறிவு என்பது பொருள் நாவில் பட்டுவிட்டதோடு முடிந்துவிடுவதில்லை.

வாசகர்களில் இந்தச் சாட்சிகளைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். எழுதுகிறவர் முகர்ந்ததையும், ஊகித்ததையும், சீட்டில் படித்ததையும் தனித்தனியே கோடிட்டுக்கொண்டு, புட்டி அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற விவரம் எங்கேனும் அகப்படுகிறதா என்று தேடட்டும். வடிசாலைக்காரர் தாமாகவே உண்மையைச் சொல்லிவிடுவார் என்று காத்திருக்க வேண்டாம். 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டத்தின்படி அங்கே ரம் என்ற பெயரில் விற்கும் மதுவில் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்புச் சேர்க்கலாம். எவ்வளவு சேர்த்தது என்பதைச் சீட்டில் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.